திம்மராயன் மாமா புளி உலுக்கின லைன்

போன மாசம் வீட்டுக்கு வந்த மூணு இன்ஜினீயர்களும், "மேடம், உங்க சர்வீஸைப் பத்தி எழுதுங்க, எங்க இன்ஜினீயர் சங்க மலர்ல போடறோம்"னு ஒரே நச்சரிப்பு. முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா அதுல ஒருத்தர், ஓசூர்ல ஏதோ பெரிய கம்பெனியில இருக்கிறவர், "ஐம்பதுகள்ல ஏது மேடம் டிஜிட்டல்? அப்ப பாதி ஊர்ல கரண்டே கிடையாதே!"ன்னு சிரிச்சார். அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இது. தம்பி, நல்லா சாஞ்சு உட்காந்து படிங்க.

உண்டு, இல்லைன்னு ரெண்டே ரெண்டு குறியை வச்சு சேதி அனுப்பினா அது டிஜிட்டல்தான். எங்க காலத்துல அது காகித டேப்புல ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை. உங்க போனும் இதையேதான் செய்யுது. என்ன, கொஞ்சம் அவசரமா செய்யுது.

எங்க ஊர் கிருஷ்ணகிரி. அப்பா நான் பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே போயிட்டார். என்னைப் படிக்க வச்சது அம்மாவோட தம்பி, திம்மராயன் மாமா. குருபரப்பள்ளியில வெள்ளாமை, அது போக பெங்களூர் ரோட்டோரத்துப் புளிய மரங்களை வருஷா வருஷம் ஏலம் எடுத்துப் புளி உலுக்கி விப்பார். "பாப்பாவுக்குக் கணக்கு வருது, படிக்கட்டும்"னு சொல்லி மெட்ராஸ் வரைக்கும் அனுப்பினார். எம்.ஏ. கணக்கு முடிச்சேன். பெங்களூர்ல ஒரு ஆராய்ச்சிக் கூடத்துல தந்திக் கணக்குல மேல்படிப்பு, கூடவே சம்பளம்னு விளம்பரம் பாத்து எழுதிப் போட்டேன். கூப்பிட்டாங்க. பயிற்சிக் கதையெல்லாம் சொல்ல ஒண்ணுமில்ல. முதல் வருஷம் முழுக்க நான் படிச்சதைவிட முழிச்சதுதான் அதிகம்.

எங்க தலைவர் நரசிம்மையா சார். கன்னடக்காரர். பஞ்சகச்சத்து மேல கோட்டு போட்டிருப்பார். கோட்டோட வலது பையில சாக்பீஸ், அதே பையில வறுத்த வேர்க்கடலை. மத்தியானம் எல்லாருக்கும் பாசமா ஆளுக்கு ஒரு கை அள்ளிக் குடுப்பார். அதுல சாக்பீஸ் துண்டைக் கடிக்காதவங்க எங்க கூடத்துலயே கிடையாது. "தப்பு"ங்கிற வார்த்தை அவர் வாயில வந்து நான் கேட்டதே இல்ல. நாம ஒரு பக்கம் கணக்குப் போட்டுக் கொண்டுபோய் நீட்டினா மெதுவா மேலருந்து கீழ வரைக்கும் பாப்பார், நம்ம முகத்தைப் பாப்பார், "ஸ்வல்ப நோடம்மா"ன்னு திருப்பிக் குடுத்துடுவார். கொஞ்சம் பாரும்மான்னு அர்த்தம். அந்த "கொஞ்சம்" எனக்கு ரெண்டு வாரம் பிடிக்கும்.

அவர் கைவசம் ஒரு முறை இருந்துச்சு. ஒரு எழுத்துக்கு அஞ்சு இடம், ஒவ்வொண்ணுலயும் ஓட்டை உண்டு அல்லது இல்லை. கூட நாலு இடத்தைச் சேத்து அனுப்பினா, வழியில எந்த இடம் கெட்டுப்போனாலும் வாங்கிக்கிற ஆளே கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சுத் திருத்திக்கலாம். திருப்பி அனுப்புன்னு கேக்கவே வேண்டாம். முதல் தடவை அதைக் கரும்பலகையில பாத்தப்போ எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு, பொய் சொல்லல. ஒரே ஒரு நிபந்தனை: ஒரு எழுத்துக்குள்ள ஒரு தப்புதான் வரலாம். ரெண்டு வந்தா கணக்கு நம்மையே ஏமாத்திடும். "கம்பியில தப்பு எப்பவாவது, அங்கொண்ணு இங்கொண்ணாதான் வரும், அதனால பயமில்ல"ன்னு சார் அடிச்சுச் சொல்லுவார். புத்தகங்களும் அப்படித்தான் சொல்லிச்சு.

சரி, நிஜக் கம்பியில சோதிச்சுப் பாருன்னு என்னைக் கிருஷ்ணகிரித் தந்தி ஆபீசுக்கு அனுப்பினார். ஓசூர்லருந்து அவர் ஆளுங்க அனுப்புவாங்க, கூடத்துல நாங்களே செஞ்ச மெஷின் இங்க டேப்புல ஓட்டை போடும், நான் உட்காந்து தப்பை எண்ணணும். அம்மா சமையல், சொந்த ஊர், கொண்டாட்டமாதான் போனேன். தை பிறந்தது, கொண்டாட்டமும் போச்சு. டேப்புல பத்து நிமிஷத்துக்கு ஒரு தப்புகூட இருக்காது. திடீர்னு ஒரே இடத்துல சல்லடையா வரும். அப்புறம் மறுபடி சுத்தம். மறுபடி சல்லடை. சாருக்குக் காட்டினா, "இயற்கை இப்படிச் செய்யாதும்மா. மெஷினை ஸ்வல்ப நோடம்மா"ங்கிறார். மெஷினைக் கழட்டி மாட்டினேன். இயற்கை அப்படியேதான் செஞ்சுது.

ஒரு நாள் கடுப்புல, கம்பத்தையே பாத்துக்கிட்டுப் போவோம்னு ஓசூர் பஸ்ல ஜன்னல் ஓரமா உட்காந்துட்டேன். குருபரப்பள்ளி வந்துச்சு. ரோடு ரெண்டு பக்கமும் புளிய மரம். மரத்து மேல ஆளுங்க, கையில நீட்டு மூங்கில் கழி. ஒருத்தன் கிளையைப் பிடிச்சு ஒரு உலுக்கு உலுக்கினான் பாருங்க, புளி பொலபொலன்னு கொட்டுச்சு, கிளை நேரா தந்திக் கம்பி மேல போய் விழுந்துச்சு, கம்பி ரெண்டும் ஒண்ணையொண்ணு கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஆடுது. அடப்பாவிகளா! கீழ துண்டைத் தலையில கட்டிக்கிட்டு அதிகாரம் பண்ணிட்டு நின்ன ஆளு யாருன்னு நினைக்கிறீங்க? எங்க மாமாதான்.

பஸ்ஸைப் பாத்ததும் ஓடி வந்து, "ஏ பாப்பா, இந்தா, புதுப் புளி, அக்காகிட்ட குடு"ன்னு ஜன்னல் வழியா ஒரு பொட்டலத்தைத் திணிச்சார். எனக்குச் சிரிக்கிறதா அழுவறதான்னு தெரியல.

சார்கிட்ட போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் கடலையை மென்னார். "கலெக்டருக்கு எழுதி உலுக்கறதை நிறுத்தச் சொல்லலாமா?"ன்னார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வேகம் வந்துச்சோ, "சார், புளி இல்லாம இந்த ஜில்லாவுல எவ வீட்டுலயும் ரசம் கொதிக்காது. உலுக்கறது உலுக்கட்டும். சேதிதான் அதுக்கு ஏத்த மாதிரி போகணும்"னு சொல்லிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்துச்சு. அவர் கோவிச்சுக்கல. "சரி, எப்படிப் போகும்? நோடம்மா"ன்னார். ஸ்வல்பகூட இல்ல, முழுசா நோடம்மா.

வழி கிடைச்சது ஒரு கல்யாணப் பந்தியில. பக்கத்து வீட்டுக் கல்யாணம். பரிமாறுற ஆளு ஒருத்தர் ரச வாளியோட வழுக்கி விழுந்தார். அந்த வரிசையில பாதிப் பேருக்கு ரசம் இல்ல. ஆனா யாரும் பட்டினி கிடக்கல, ஏன்னா சாம்பார், பொரியல், பாயசம் எல்லாம் எல்லா இலையிலயும் இருந்துச்சு. இதையே ஒரு இலைக்கு எல்லா ஐட்டமும் வச்சு முடிச்சிட்டு அடுத்த இலைக்குப் போறதுன்னு வச்சிருந்தா, ஆளு விழுந்த இடத்துல உட்காந்திருந்தவங்க கதி அதோகதிதான். நான் சாப்பிட்டுக்கிட்டிருந்த கையோட, "அம்மா, கிடைச்சிருச்சு!"ன்னு கத்தினேன். எங்கம்மா, "கத்தாதடி, ரசம் இன்னொரு வாளி வருது"ன்னாங்க.

அவ்வளவுதான் விஷயம். எழுத்துகளை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வரிசையா எழுதிக்கணும். அனுப்பும்போது முதல் எழுத்தை முழுசா அனுப்பாம, எல்லா எழுத்தோட முதல் இடத்தையும் மேலருந்து கீழ அனுப்பணும், அப்புறம் எல்லாத்தோட ரெண்டாவது இடம். இந்தப் பக்கம் அதே மாதிரி எழுதிக்கிட்டுக் குறுக்கால படிக்கணும். நடுவுல மாமா ஒரு உலுக்கு உலுக்கினாலும் ஒவ்வொரு எழுத்துலயும் ஒரு இடம்தான் கெடும். ஒண்ணு கெட்டா திருத்தத்தான் சார் முறை இருக்கே! பந்தி எவ்வளவு நீளம், அதாவது ஒரு தடவைக்கு எத்தனை எழுத்தை வரிசையா வைக்கணுங்கிறது மட்டும் பாக்கி. அதுக்காக ரெண்டு வாரம் மாமா ஆளுங்க உலுக்கறதை ரோட்டோரம் நின்னு பாத்தேன். அவங்க விடாம அடிக்க மாட்டாங்க. ஒரு உலுக்கு, அப்புறம் கீழ பொம்பளைங்க பொறுக்கற வரைக்கும் கழியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க, அப்புறம் அடுத்த உலுக்கு. கம்பி ஆடி அடங்க எவ்வளவு நேரமோ, அதைவிடக் கொஞ்சம் நீளமா பந்தியை வச்சேன். சார் பாத்தார். மேலருந்து கீழ வரைக்கும் ரெண்டு தடவை பாத்தார். திருப்பிக் குடுக்காம கோட்டுப் பையில வச்சுக்கிட்டார், சாக்பீஸும் கடலையும் கிடக்கிற பையில. எனக்கு டிகிரி வாங்கினப்போகூட அவ்வளவு சந்தோஷம் இல்ல.

அப்பதான் டெல்லியிலருந்து சேதி வந்துச்சு. ஆராய்ச்சிக்குக் குடுக்கற பணத்தை நிறுத்தலாமான்னு யோசிக்கிறாங்களாம். ஒரு அதிகாரி நேர்ல வந்து பாப்பாராம். அவருக்குத் திருப்தியா இருந்தா என் வேலையும் படிப்பும் நீடிக்கும். இல்லன்னா பங்குனியோட முடிஞ்சுது. எங்க வீட்டுல பங்குனிக்கு வேற ஒரு ஏற்பாடும் இருந்துச்சு. மாமா மகன் கோவிந்தன். முறைப் பையன். எனக்கு வேலை போச்சுன்னா அவனுக்கும் எனக்கும் கல்யாணம்னு மாமாவும் அம்மாவும் எப்பவோ பேசி முடிச்சிருந்தாங்க. கோவிந்தன் தங்கமான பையன், அவன் மேல ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா கல்யாணம்னு ஆயிட்டா நான் குருபரப்பள்ளியில மாடு கறக்கணும், இந்தக் கணக்கு நரசிம்மையா சார் கோட்டுப் பையிலயே மக்கிப் போகும். அதை நினைச்சா எனக்குச் சோறு இறங்கல.

அம்மாகிட்ட கெஞ்சினேன்: "திங்கக்கிழமை டெல்லிக்காரர் வர்றார். மாமாகிட்ட மூச்சு விடாத. அவர் எப்பவும் போல உலுக்கினா போதும்." என் பயம் எனக்கு. மாமாவுக்கு மருமக வேணும். விஷயம் தெரிஞ்சா வேணும்னே இன்னும் பத்து ஆளை மரத்துல ஏத்தி விடாம உலுக்கினாருன்னா என் பந்தி நீளம் பத்தாது. அம்மா, "நான் எதுக்குடி சொல்றேன்"னாங்க. எங்கம்மா அப்படிச் சொன்னா ஏற்கெனவே சொல்லிட்டாங்கன்னு அர்த்தம்.

திங்கக்கிழமை அதிகாரி ஓசூர்ல இறங்கி, அங்க வந்திருந்த நரசிம்மையா சாரைப் பாத்துட்டு ஜீப்புல கிருஷ்ணகிரி வந்தார். உசரமான மனுஷன், கம்பளிக் கோட்டு, வேர்த்து ஊத்துது. ஏற்பாடு இதுதான்: முதல்ல எங்க சோதனை வாசகம் ஒண்ணைச் சாரோட பழைய முறையிலயும் என் முறையிலயும் அனுப்பணும். அப்புறம் அதிகாரி அன்னிக்குக் காலையில ஓசூர்ல தானே எழுதி வச்சிட்டு வந்த வாசகத்தை ரெண்டு முறையிலயும் அனுப்பணும். அது என்னன்னு கிருஷ்ணகிரியில எங்க யாருக்கும் தெரியாது.

முதல் வாசகம் வந்துச்சு. பழைய முறை டேப்பு, ஒரு தப்பு இல்ல. என் முறை டேப்பு, ஒரு தப்பு இல்ல. நான் டேப்பையே பாக்கறேன், கண்ணாடி மாதிரி இருக்கு. அதிகாரி நல்ல இங்கிலீஷ்ல, "அருமையான லைன். ரெண்டும் ஒரே மாதிரி வருது. அப்புறம் உங்க முறை எதுக்கு, மிஸ் ரங்கநாயகி?"ன்னு கேட்டார். கேட்டுட்டுக் கைக்கடிகாரத்தைப் பாத்தார். சாயங்காலம் அவர் ஜோலார்பேட்டையில ரயில் ஏறணும்.

அந்த நேரத்துல எனக்கு ஒண்ணுதான் தோணுச்சு. நேரா தந்தி அடிக்கிற கீ பக்கத்துல போய் ஓசூருக்கு அடிச்சேன்: "அடுத்ததை ஒரு மணி நேரம் கழிச்சு அனுப்புங்க." அப்புறம் அதிகாரியைப் பாத்து, "சார், இன்னிக்கு லைன் ரொம்ப நல்லா இருக்கு. வாங்க, போய்க் கெடுத்துட்டு வரலாம்"னேன். அவர் என்னை ஒரு மாதிரி பாத்தார். பைத்தியம்னு நினைச்சிருப்பார். ஆனா ஜீப்புல ஏறிட்டார். மெஷினை ஆபீஸ்ல தந்தி அடிக்கிற சிக்னலர் பாத்துக்கிட்டார்.

குருபரப்பள்ளியில மரத்தடியில ஒரு ஈ காக்கா இல்ல. கழியெல்லாம் மரத்துல சாத்தி வச்சிருக்கு. மாமா மட்டும் கல்லு மேல காவல்காரர் கணக்கா உட்காந்திருந்தார். என்னைப் பாத்ததும் முகமெல்லாம் பல்லு.

"பாத்தியா பாப்பா! ஒரு இலைகூட அசையல. ஆளுங்க எல்லாரையும் காலையிலயே வீட்டுக்கு அனுப்பிட்டேன். குரங்கு வந்துச்சு, அதையும் முடுக்கி விரட்டிட்டேன்."

"ஐயோ மாமா! அடிங்க! உலுக்குங்க! எல்லாரையும் கூப்பிடுங்க!"

"என்னா பேசற? உன் வேலை போயிடும்மா! அக்கா எல்லாம் சொல்லிடுச்சு. நான் உலுக்கினாதான் உன் லைனு கெடுதாமே?"

"கெடணும் மாமா! கெட்டாதான் என் கணக்கு நல்லதுன்னு தெரியும்!"

மாமாவுக்கு ஒண்ணும் விளங்கல. இந்தக் கோட்டுக்காரர்தான் என்னை மிரட்டி இப்படிப் பேச வைக்கிறார்னு முடிவு கட்டிட்டார். அவர் முன்னாடி போய் நின்னுக்கிட்டு, தமிழ்ல பாதி, தெலுங்குல பாதி, நடுவுல கன்னடமும் கலந்து, "சாரு, பிள்ளை நல்லா படிக்கிற பிள்ளை. இந்தப் புளி மரத்துலயே காஞ்சு உதுந்தாலும் சரி, நான் கை வைக்க மாட்டேன். அதோட வேலையை எடுத்துடாதீங்க"ன்னு கையெடுத்துக் கும்பிடறார். அதிகாரி என்கிட்ட, "இவர் என்ன சொல்றார்?"ன்னார். நான் மொழிபெயர்த்தேன்.  இந்த மாமா வேணும்னே கெடுப்பார்னு நினைச்சேனே, எனக்கு என்ன புத்தி இது.

 அதிகாரி கம்பளிக் கோட்டைக் கழட்டி ஜீப்புல போட்டார், சட்டைக் கையை மடிச்சார், சாத்தி வச்சிருந்த கழியில ஒண்ணை எடுத்தார். எடுத்து அடிச்சார் பாருங்க! மனுஷனுக்கு எந்தக் காலத்துக் கோபமோ, விடாம அடிக்கிறார். புளி அவர் தலையிலயே கொட்டுது. கம்பி பேயாட்டம் ஆடுது.

"சார், விட்டு விட்டு அடிங்க! இப்படி விடாம அடிச்சா என் கணக்கு தாங்காது! மாமா, நீங்க காட்டுங்க!"

அதுக்கப்புறம்தான் மாமா கழியை எடுத்தார். தொழிலாச்சே, சும்மா நிக்க முடியுமா? "அப்படி இல்ல சாரு. ஒண்ணு போட்டுட்டு நிக்கணும். கொட்டறது கொட்டட்டும். அப்புறம் அடுத்தது"ன்னு தெலுங்குல சொல்ல, டெல்லி அதிகாரி பாஷை புரியாமலே சமர்த்தா செஞ்சார். ஒரு மணி நேரம் முடிஞ்சு ஓசூர்லருந்து சேதி ஓட ஆரம்பிச்சிருக்கும். ரோட்டுல போன சேலம் பஸ்ஸை டிரைவர் நிறுத்திட்டு, பயணிகளோட சேந்து வேடிக்கை பாத்தார்.

தந்தி ஆபீசுக்குத் திரும்பினப்போ மாமாவும் கூட வந்தார். பழைய முறை டேப்பைப் பாத்தா சல்லடை. திருத்தினா, வந்த இங்கிலீஷ் எந்த நாட்டு இங்கிலீஷுன்னே தெரியல. அதிகாரியே சிரிச்சுட்டார். அடுத்தது என் டேப்பு. கட்டம் போட்டு, மேலருந்து கீழ எழுதி, குறுக்கால படிச்சு, கெட்டதைத் திருத்தி, ஒவ்வொரு எழுத்தா உரக்கச் சொல்லிக்கிட்டு வந்தேன்.  அதிகாரி எனக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தார். பாதி தூரம் போனதும் "போதும், போதும்"னார்.

"இல்ல சார், முழுசா படிக்கணும்"னு நான் விடல.

இங்கிலீஷ்ல வந்த வாசகம், தமிழ்ல சொன்னா இதுதான்: "இந்த ஊரை மேப்பில் கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. வெயில் தாங்கவில்லை. இந்தச் சோதனையால் எந்தப் பிரயோசனமும் இருக்கப்போவதில்லை."

ஒரு எழுத்துப் பிசகல. அவர் ஆரம்பத்துல விடாம அடிச்ச அடிக்குக்கூட அசையல, அப்ப சேதி இன்னும் கிளம்பியிருக்காதுன்னு வைங்க. சிக்னலர் வாயைப் பொத்திக்கிட்டார். அதிகாரிக்குக் காது வரைக்கும் சிவந்துடுச்சு. தலைமுடியில ஒட்டியிருந்த புளியோட்டை எடுத்து மேஜை மேல வச்சார். "என் வாசகம் பத்திரமா வந்து சேந்திருக்கு, மிஸ் ரங்கநாயகி. அதனாலேயே அது பொய்யாயிடுச்சு. பணம் நீடிக்கும். நீங்க மேல படிங்க"ன்னார்.

மாமா என் முழங்கையைத் தொட்டார். "என்னாம்மா சொல்றாரு?"

"வேலை நீடிக்குது மாமா. படிப்பும்."

மாமா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டார். முகத்துல சிரிப்பு இருந்துச்சு, கண்ணு மட்டும் சுவரைப் பாத்துச்சு. "சரி, அப்ப கோவிந்தனுக்கு வேற எடம் பாக்கறேன்"னார்.

எனக்கு அழுகை வந்துடுச்சு. அதிகாரி, சிக்னலர் எல்லாரும் இருக்காங்கன்னுகூடப் பாக்கல. "மாமா, நான் ஜெயிச்சா உங்களுக்கு மருமக இல்லைன்னு அம்மா சொல்லலியா? தெரியாமலா ஆளுங்களை அனுப்பிட்டீங்க?"

"அக்கா அதைத்தான் மொதல்ல சொல்லிச்சு"ன்னார் மாமா. "தெரிஞ்சுதான் அனுப்பினேன்."